வித்தியாசம் தெரியவில்லை

காலை ஏழு பத்துக்கு, இரவு மழையில் நனைந்த சோதனை டிராக்கின் தார் இன்னும் ஈரமாக இருந்தது. காயட்டும் என்றாள் அவள். மூன்று வண்டிகளும் ஒரே தரையில் ஓட வேண்டும்.

ஷெட்டுக்குள் மூன்று வண்டிகள் கறுப்புத் துணி போர்த்தி நின்றன. உள்ளேயும் துணிதான். டேஷ்போர்டு, கதவுகள், கூரை எதுவும் தெரியவில்லை. மூன்றிலும் ஒரே மாதிரி சீட், ஒரே மாதிரி ஸ்டீரிங் வளையம், ஒரே மாதிரி டயர். முன்கண்ணாடியின் ஓரங்களில் காகிதம் ஒட்டியிருந்தது. மெக்கானிக்குக்கு எட்டு நாள் வேலை. அவரை எல்லோரும் நட்டு என்றுதான் கூப்பிட்டார்கள்.

"முகமூடி போட்ட திருடனுங்க மாதிரி நிக்குதுங்க அக்கா," என்றார் நட்டு.

"முகத்தைப் பார்த்து மார்க் போடக்கூடாது."

"அது சரி. சொன்னது நீங்க, தைச்சது நான். எங்க வீட்டு ஜன்னலுக்கு ஒரு திரை தைச்சுக் குடுன்னு என் பொண்டாட்டி மூணு வருஷமா கேக்கறா."

அவள் பத்தொன்பது வருடமாக இந்தத் தொழிற்சாலையில் சோதனை ஓட்டுநர். கையால் ஓட்டுகிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், இடுப்பால் ஓட்டத் தெரிய வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் யாரிடமோ சொன்னாள். அன்று முதல் அவள் இடுப்பக்கா. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு நேரிலேயே சொன்னார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை.

கம்பெனி குடும்பங்களுக்கு வண்டி செய்தது. நான்கு கதவு, ஐந்து பேர், பின்னால் மூட்டை வைக்க இடம். தெருவுக்குப் பத்து நிற்கும். ஆனாலும் அந்தக் கம்பெனி வண்டி என்றால் ஒரு பேச்சு உண்டு: வளைவில் விட்டுப் பார், துள்ளும். அந்தப் பேச்சுக்காகவே வருடா வருடம் ஒரு வேக வண்டியும் செய்தார்கள். தொழிற்சாலையில் அதற்குப் பெயர் குதிரை.

மதிப்பெண் தாளில் பதினான்கு கட்டங்கள் இருந்தன. பிரேக், சத்தம், சீட் என்று போகும். கடைசிக் கட்டம் துள்ளல். அதை அளக்கக் கருவி கிடையாது. அது என்ன என்று எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்கவில்லை. ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண். அந்த எண்ணை அவள் போட்டாள்.

விற்பனைத் தலைவர் அந்தக் கட்டத்தை எடுக்க வேண்டும் என்றார். கட்டம் போனால் குதிரையும் போகும். அவளுடைய பிரிவும் போகும். நான்கு பேர். நான்கு பேருக்கும் வாடிக்கையாளர் குறை கேட்கும் பிரிவில் நாற்காலி ஒதுக்கியாகிவிட்டது.

அவள்தான் இந்தச் சோதனையைக் கேட்டாள். அடுத்த வருடத்துக் குதிரை வடிவமைப்புக் கூடத்திலிருந்து நேராக நட்டுவிடம் வரட்டும். அதை நான் கண்ணால் பார்க்க மாட்டேன். கூட வேறு கம்பெனி வண்டிகள் இரண்டு. மூன்றையும் மூடுங்கள். எது நம்முடையது என்று சொல்கிறேன். சொல்ல முடியாவிட்டால் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

"வேற ஓட்டுநரையும் வச்சுக்கலாமே மேடம்," என்றார் விற்பனைத் தலைவர்.

"எதுக்கு? நான் போதும்."

எட்டு மணிக்குத் தார் காய்ந்தது.

வண்டிக்கு மூன்று சுற்று. அவள் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டாள். இஞ்சின் சத்தம் ஏமாற்றும்.

முதல் வண்டி நல்ல பிள்ளை. சொன்னதைச் செய்தது, சொல்லாததைச் செய்யவில்லை. ஆறு போட்டாள்.

இரண்டாவது வண்டியில் முதல் வளைவிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டீரிங்கைத் திருப்புவதற்கு முன்னால், திருப்பலாம் என்று நினைத்தபோதே முன்சக்கரம் தயாராக இருந்தது. பின்பக்கம் ஒரு கணம் தள்ளி வந்து சேர்ந்துகொண்டது. இடுப்புக்குக் கீழே ஒரு சின்ன உந்தல். அவள் சிரித்தாள். துணி போர்த்திய வண்டிக்குள் தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள். இரண்டு வருடமாக ஸ்டீரிங்கைச் சரிசெய்யச் சொல்லிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டார்கள்.

துள்ளல்: ஒன்பது. பத்தொன்பது வருடத்தில் மூன்று முறைதான் ஒன்பது போட்டிருந்தாள். குறிப்பில் எழுதினாள்: நம் வண்டி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மூன்றாவது வண்டி. ஸ்டீரிங்கைத் திருப்பினால், அடுத்த அறையில் இருக்கிறவரைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. கேட்டது, எழுந்தது, வந்தது. நான்கு போட்டாள். வாடகை வண்டி, பின்சீட்டுக்காரர் நன்றாகத் தூங்குவார் என்று எழுதினாள்.

தாளை நட்டுவிடம் கொடுத்தாள். அவர் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"அக்கா, மூணாவதை இன்னும் ஒரு ரவுண்டு போறீங்களா?"

"எதுக்கு?"

"இல்ல, டயர் சூடாகியிருக்காதோன்னு."

"எனக்கே டயர் பாடம் நடத்தறியா?"

"பாடம் இல்லக்கா. ஒரே ஒரு ரவுண்டு."

"கையெழுத்துப் போட்டாச்சு. கொண்டுபோய்க் குடு."

நட்டு போகவில்லை. தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். விற்பனைத் தலைவர்தான் ஷெட்டுக்குள் வந்து அதை வாங்கிக்கொண்டார். படித்தார். அவர் முகத்தில் சிரிப்பு வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். தோற்றவர் சிரிக்கிற சிரிப்பு. வரவில்லை.

"ரெண்டாவதைத் திறங்க," என்றார்.

நட்டு துணியை முன்பக்கத்திலிருந்து உருவினார். மெதுவாகத்தான் உருவினார். போனட் தெரிந்தது. சாம்பல் நிறம். நடுவில் இருந்த சின்னம் நகரத்தின் மறுபக்கத்தில் இருக்கும் தொழிற்சாலையுடையது. பள்ளிக்கூட வாசல்களில் வரிசையாக நிற்கும் வண்டி. அதன் விளம்பரத்தில் ஓர் அப்பாவும் மூன்று குடைகளும் வரும்.

அவள் சின்னத்தைப் பார்த்தாள். பிறகு நட்டுவைப் பார்த்தாள்.

"மாத்தி நிறுத்திட்டியா?"

"இல்லக்கா."

"துணியை மாத்திப் போட்டிருப்ப."

"மூடினது நான். திறக்கறதும் நான். மாறலைங்க."

"மூணாவது?"

அவளே போய்த் துணியை இழுத்தாள். ஓரிடத்தில் மாட்டிக் கிழிந்தது. உள்ளே சிவப்பு. அடுத்த வருடத்துக் குதிரை.

அவளுக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். அடைப்பானை எடுக்கவே இல்லை. எடுத்த பிறகும் அப்படியே இருந்தது.

விற்பனைத் தலைவர் தாளை நான்காக மடித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, விரித்து நீவினார்.

"எனக்கு இதுல சந்தோஷம்னு நினைக்காதீங்க மேடம். பத்து வருஷமா நானும் குதிரைதான் ஓட்டறேன்."

"ஸ்டீரிங்கைச் சரி பண்ணலையா?"

"பண்ணியிருக்காங்க. நீங்க சொன்ன மாதிரியே."

"அப்புறம் எப்படி?"

"அதை நீங்கதான் எனக்குச் சொல்லணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நாங்க எதையும் எடுக்கலை மேடம். துள்ளல் எப்பவோ போயாச்சு. தாள்ல ஒரு கட்டம்தான் மிச்சம். கட்டத்தை எடுக்கறதுக்குப் பிரிவுத் தலைவரா உங்க கையெழுத்து வேணும். நாளைக்குக் காலையில குடுங்க, போதும்."

அவர் போன பிறகு நட்டு டீ கொண்டுவந்து வைத்தார். அவள் தொடவில்லை.

"இந்த வருஷத்து வண்டி எங்க இருக்கு?" என்றாள்.

"ஒப்பீட்டு வண்டியா? வெளியில நிக்குது."

"சாவி குடு."

அவள் இந்த வருடத்துக் குதிரையை மூன்று சுற்று ஓட்டினாள். இறங்கி, கிழிந்த துணி தொங்கும் அடுத்த வருடத்துக் குதிரையில் ஏறி மூன்று சுற்று ஓட்டினாள். மறுபடியும் இதில். மறுபடியும் அதில். கடைசிச் சுற்றில், வளைவைத் தாண்டியதும், அவள் வாய் தானாக ஒரு வாக்கியத்தைச் சொன்னது.

"வித்தியாசம் தெரியவில்லை."

டிராக்கின் நடுவில் வண்டியை நிறுத்தினாள்.

அவள் வருடத்துக்கு ஒரு முறை எழுதும் வாக்கியம் அது. புது வருடத்து வண்டி வந்ததும் போன வருடத்து வண்டியோடு வைத்து ஓட்டுவாள். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பாள். மாறியிருந்தால் வண்டி திரும்பிப் போகும். மாறாவிட்டால் ஒப்பீட்டுத் தாளில் இந்த வாக்கியத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவாள். மறுநாள் போன வருடத்து வண்டி ஏலத்துக்குப் போகும். ஷெட்டில் ஒப்பீட்டு வண்டி ஒன்றுக்குத்தான் இடம்.

அவள் டிராக்கிலேயே வண்டியை விட்டுவிட்டு நடந்தாள்.

பதிவு அறையில் தாள்கள் வருட வரிசையில் இருந்தன. குதிரையை இப்போதைய உருவத்தில் செய்யத் தொடங்கியபின் பதினோரு தாள்கள். அவள் மேஜை மேல் பரப்பினாள். இடம் போதவில்லை. தரையில் பரப்பினாள்.

முதல் தாள். முன்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ், சற்று மென்மை. காரணம்: வாடிக்கையாளர் கடிதங்கள், மேடுபள்ளத்தில் அதிர்வு. இரண்டாவது தாள். கதவுகளில் சத்தம் தடுக்கும் அட்டை, எடை கூடுதல் ஏழு கிலோ. மூன்றாவது. ஸ்டீரிங் மோட்டார், திருப்ப எளிது. நான்காவது. மறுபடியும் புஷ். ஐந்தாவது. பின்சீட் உயரம். அதற்காக ஸ்பிரிங். எல்லாம் துளித் துளியாக. எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. காரணங்கள் நியாயமாக இருந்தன. ஒவ்வொரு தாளின் அடியிலும் அவள் கையெழுத்தில் அதே இரண்டு சொற்கள். முதல் தாளில் எழுத்து சின்னதாக, நேராக இருந்தது. பதினோராவது தாளில் சரிந்து, பாதியைக் காணோம்.

ஏழாவது தாளில் முதலில் 'லேசாக' என்று எழுதி அடித்திருந்தது. அடித்த கோட்டுக்குப் பக்கத்தில், வித்தியாசம் தெரியவில்லை.

அந்தக் கோட்டை அவள் வெகுநேரம் பார்த்தாள். அன்று என்ன நடந்தது என்று ஞாபகம் வரவில்லை.

நட்டு வாசலில் வந்து நின்றார். தரையைப் பார்த்தார். படிக்காமலே அவருக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு சும்மாவா சொன்னாங்க," என்றார்.

"இதுல எறும்பு யாரு?"

நட்டு குனிந்து ஒரு தாளை எடுத்தார். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"குறை கேக்கற பிரிவுல ஏசி உண்டுக்கா," என்றார். "நான் நேத்தே போய்ப் பாத்துட்டேன். எனக்கு ஜன்னல் பக்கம் வேணும்னு சொல்லியிருக்கேன். உங்களுக்கும் சொல்லட்டுமா?"

"நேத்தே போய்ப் பாத்தியா?"

"ஒரு பேச்சுக்குப் போனேன்."

"நான் தோப்பேன்னு உனக்கு நேத்தே தெரியும்."

"டயர் மாத்தறப்ப மூணையும் ஷெட்டுக்குள்ள நகர்த்தினேன்லக்கா," என்றார் நட்டு. "பத்தடிதான். அதுலயே கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு."

மாலை ஐந்து மணிக்கு அவள் தம்பி வீட்டுக்குப் போனாள்.

தம்பி ஆறு வருடம் அவளுடைய பிரிவில் அவளுக்குக் கீழே ஸ்டீரிங் வேலை பார்த்தவன். ஐந்து வருடத்துக்கு முன் மறுபக்கத் தொழிற்சாலைக்குப் போனான். போனபோது வீட்டில் சண்டை. அதற்குப் பிறகு தம்பி மனைவி ஒரு சட்டம் போட்டாள். அவள் வீட்டில் யாரும் வண்டியைப் பற்றிப் பேசக்கூடாது. சட்டம் நன்றாக வேலை செய்தது. ஐந்து வருடமாக அக்காவும் தம்பியும் மழையையும் பல் வலியையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்தது தம்பி மனைவிதான்.

"வாங்க அண்ணி. என்ன, ஒரு போன்கூடப் பண்ணாம?" முகத்தைப் பார்த்ததும் குரல் மாறியது. "வீட்டுல எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. அவன் எங்க?"

"பின்னால இருக்காரு. வண்டிப் பேச்சா?"

"ஆமா."

"அப்ப வெளியிலயே பேசிக்குங்க. போன தடவை உடைஞ்ச தட்டுக்கே இன்னும் ஜோடி கிடைக்கலை."

தம்பி பின்பக்கப் படியில் உட்கார்ந்து செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"ஒன்பது போட்டேன்," என்றாள்.

"எதுக்கு?"

"உன் வண்டிக்கு. குடை வண்டிக்கு."

அவன் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"மூடி வச்சா ஓட்டின?"

"நம்ம வண்டின்னு எழுதியே குடுத்துட்டேன். நம்ம வண்டிக்கு நாலு."

அவன் மறுபடியும் படியில் உட்கார்ந்தான். ஊசியைச் செருப்பில் குத்தி வைத்தான்.

"யாரெல்லாம் இருந்தாங்க?"

"யார் இருந்தா என்ன? எப்படிடா செஞ்ச? என் இடுப்புக்கு நல்லாத் தெரியும், அது நம்ம வண்டி. எங்க ஷெட்ல இருந்து எதைத் திருடின?"

"திருடலை. காகிதம் இருக்கு, பாக்கறியா?"

"என்ன காகிதம்?"

அவன் எழுந்து கொட்டகைக் கதவைத் திறந்தான். உள்ளே ஒரு பழைய குதிரை. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தியது, முதல் தாளுக்கும் முந்தியது. சிவப்பு வெளுத்து, ஒரு கதவு மட்டும் வேறு சிவப்பாக இருந்தது.

"ஏலத்துல எடுத்த ஆள்கிட்ட இருந்து வாங்கினேன். நாலு வருஷம் ஆச்சு," என்றான். "அங்க நான் புதுசா ஒண்ணும் செய்யலக்கா. இதை அளந்தேன். அளந்ததை அங்க வச்சேன். அவங்க குடும்ப வண்டின்னு விக்கறாங்க. வாங்கறவங்களுக்கு ஏன் பிடிக்குதுன்னு அவங்களுக்கே தெரியாது."

அவள் சாவிக்குக் கையை நீட்டினாள்.

மூன்று தெருக்கள் போனாள். வண்டி எங்கெங்கோ கடகடத்தது. சீட்டில் பஞ்சு இல்லை. பேக்கரி முனையில் திரும்பினாள். திருப்புவதற்கு முன்னால் முன்சக்கரம் தயாராக இருந்தது. பின்பக்கம் ஒரு கணம் தள்ளி வந்து சேர்ந்துகொண்டது. காலையில் ஓட்டிய இரண்டாவது வண்டி இதுதான். அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். பின்னால் வந்தவர் ஹாரன் அடித்து, பக்கத்தில் வந்து, "பழசுன்னா இப்படித்தாம்மா, தள்ளணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

திரும்பி வந்தபோது தம்பி கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தான். அவள் இஞ்சினை அணைத்தாள். இறங்கவில்லை. கைகள் ஸ்டீரிங்கிலேயே இருந்தன.

"குதிரை தேய்ஞ்சு கழுதையாகி, கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பு ஆச்சு," என்றான் தம்பி. "கட்டெறும்புக்கும் இன்னும் குதிரைன்னுதான் பேரு."

"கிண்டல் பண்ணாத."

"பண்ணலை."

"ஏன்டா அப்பவே சொல்லலை?"

"சொன்னேனே."

"எப்ப?"

"போறதுக்கு முந்தின வருஷம். ஒரு பழைய வண்டியை நிறுத்தி வைப்போம், எல்லா வருஷத்தையும் அதோட வச்சுப் பாப்போம்னு சொன்னேன். ஷெட்ல இடமில்லைன்னு சொன்ன."

"இடம் இல்லைதான்."

"அப்புறம், பழைய வண்டி எதுக்கு, என் இடுப்புக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்னு சொன்ன. நாலு பேர் முன்னால. எல்லாரும் சிரிச்சாங்க."

அவளுக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் இருந்தது. நட்டு கைதட்டினார். தம்பியும் சிரித்தான் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

உள்ளே தம்பி மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. குழாயை மூடினாள். அவர்கள் பேசுவதைக் கேட்கிறாள் போலிருந்தது. பிறகு மறுபடியும் திறந்தாள்.

"நாளைக்குக் காலையில கையெழுத்துக் கேக்கறாங்க," என்றாள் அவள். "துள்ளல் கட்டத்தை எடுக்கறதுக்கு. அது போனா குதிரையும் போச்சு, நாங்க நாலு பேரும் போச்சு."

"போடப் போறியா?"

"இந்த வண்டியைக் குடு. ஷெட்டுக்குக் கொண்டுபோறேன். அந்த ஆளை இதுல உக்கார வச்சு ஒரு வளைவு திருப்பிக் காட்டறேன். இதுதான் நாங்க செஞ்சது, திரும்பவும் செய்ய முடியும்னு சொல்றேன்."

"எடுத்துக்கோ. சாவி உன் கையிலதான இருக்கு."

"குடுத்துடுவியா?"

"எனக்கு அளந்து முடிஞ்சாச்சு. ஆனா அவர் கேப்பாரு. இது இப்படி இருந்துச்சுன்னா, உங்க வண்டி எப்ப அப்படி ஆச்சுன்னு கேப்பாரு."

"புஷ், ஸ்பிரிங், மோட்டார். எல்லாம் பதினோரு தாள்ல இருக்கு."

"தாள்ல இருக்கறதை அவரும் படிப்பாரு. தாளோட அடியில நீ எழுதினதையும் படிப்பாரு."

தம்பி வண்டியைச் சுற்றி வந்து அவள் பக்கக் கதவைத் திறந்தான். அவள் இறங்குவாள் என்று பார்த்தான். இறங்கவில்லை. அவன் கதவைப் பிடித்தபடியே, சின்ன வயதில் உட்காருகிற மாதிரி, அவள் கால் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அவர் கேக்கறதுக்கு முந்தி நான் கேக்கறேன், கோவிச்சுக்காத," என்றான். "நிஜமாச் சொல்லுக்கா. அந்தப் பதினோரு தடவையும் உனக்கு ஒண்ணுமே தெரியலையா?"